பட்டுக்கூட்டிலிருந்து தாடை எலும்புச் சவ்வு: செய்து, நனைத்து, சோதிக்கும் முறை

பேருந்தில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டு, பிறகு நிதானமாகப் படியேறி வரும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. பல் அறுவை சிகிச்சையில் எலும்பு மீளுருவாக்கத்துக்காக வைக்கும் தடுப்புச் சவ்வு செய்வதும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான். பல் பிடுங்கிய குழியிலும் ஈறு நோயால் கரைந்த தாடையிலும், ஈறின் மேல்தோல் செல்களும் நார்த்திசுச் செல்களும் விரைந்து பரவி இடத்தை நிரப்பிவிடுகின்றன. எலும்பைக் கட்டும் செல்கள் பின்தங்கியே வருகின்றன. அவை வந்து சேரும்வரை ஈறுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு திரை நின்றாக வேண்டும்.

எந்தச் செல் முந்துகிறதோ அதைப் பொறுத்தே காயம் ஆறும் விதம் அமைகிறது என்று பல் ஆய்வாளர் மெல்ச்சர் 1976இல் எழுதினார். நைமனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1982இல் மனிதப் பல் ஒன்றின் வேரை ஒட்டி, ஆய்வகத்தில் பயன்படும் வடிகட்டித் தாளையே சவ்வாக வைத்து அந்தக் கருத்துக்கு உயிர் கொடுத்தார்கள். 1988இல் டாலின் குழுவினர் எலிகளின் தாடையில் டெஃப்லான் வகைச் சவ்வை வைத்து, அதற்குக் கீழே எலும்பு நிரம்புவதைக் காட்டினார்கள். டெஃப்லான் கரையாது என்பதால் அதை எடுக்க இன்னொரு முறை ஈறைத் திறக்க வேண்டியிருந்தது. பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும் எடுத்த கொலாஜன் என்ற புரதத்தாலான சவ்வுகள் அந்தத் தொல்லையை நீக்கின. ஆனால் அவை நனைந்ததும் தொய்ந்து, சில நோயாளிகளிடம் எலும்பு வளர்வதற்கு முன்பே கரைந்தும் போகின்றன. இன்று சவ்வை மேம்படுத்துவதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இந்த இரண்டு குறைகளுக்கு நடுவில்தான் நிற்கிறோம்.

பெங்களூரில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பின் ஆய்வேட்டுக்காகவோ உயிரித் தொழில்நுட்பப் படிப்புக்காகவோ இந்த வேலையில் இறங்கும் தமிழ் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கல்லூரி ஆய்வகத்தில் செய்யும் சவ்வு ஆய்வகத்தோடு நிற்க வேண்டியது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நன்றாக அமைந்தாலும், உரிய அனுமதிகள் இல்லாமல் அது எந்த நோயாளியின் வாய்க்குள்ளும் போகக் கூடாது.

குறையை முதலில் எழுதுங்கள்

மாணவர்கள் கொண்டுவரும் ஆய்வுத் திட்டங்களில் பெரும்பாலானவை, எலும்பின் கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட்டை நானோ துகளாகச் சேர்க்கலாமா, துத்தநாகத்தைச் சேர்க்கலாமா என்று சேர்க்கும் பொருளிலேயே தொடங்குகின்றன. நான் அவர்களிடம் முதலில் கேட்பது, எந்தச் சவ்வு எப்படித் தோற்றது, அதில் எந்தத் தோல்வியைச் சரிசெய்யப் போகிறீர்கள் என்பதைத்தான். வாய்க்குள் சவ்வு தோற்கும் வழிகள் அதிகமில்லை. ஈறின் தையல் பிரிந்து சவ்வு வெளியே தெரிந்து, கிருமி ஏறுவது ஒன்று. குறித்த காலத்துக்கு முன்பே கரைவது இன்னொன்று. உதட்டின், கன்னத்தின் அழுத்தம் தாங்காமல் குழிக்குள் சரிந்து, எலும்பு வளர வேண்டிய வெற்றிடத்தைத் தானே அடைத்துக்கொள்வது மற்றொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைக் கெடுக்கும். கரைவதைத் தாமதப்படுத்தக் கொலாஜனை இறுக்கிப் பிணைத்தால் இரத்தக் குழாய்கள் ஊடுருவுவது தாமதமாகும். சரியாமல் இருக்கத் தடிமனைக் கூட்டினால் விளிம்பு ஈறைக் குத்தி, சவ்வு வெளியே தெரியும் வாய்ப்பு கூடும்.

எனவே ஒரு தோல்வியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு எதிரான ஒரே ஒரு பண்பை மட்டும் மாற்றுங்கள். சவ்வு எவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். பல்லைச் சுற்றியுள்ள பிணைப்புத் திசு மீள்வதற்கு 4 முதல் 6 வாரங்கள் தடுப்பு இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. இம்பிளான்ட் வைப்பதற்காகத் தாடை எலும்பை அகலப்படுத்தும்போது 4 முதல் 6 மாதங்கள் வரை எதிர்பார்க்கிறார்கள். இந்த இரண்டுக்கும் ஒரே சவ்வு பொருந்தும் என்று எழுதும் ஆய்வேட்டை நான் சற்றுச் சந்தேகத்துடனேயே படிப்பேன்.

ஏன் பட்டு

பெங்களூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ராமநகரத்தின் பெரிய பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. ஓசூர், தருமபுரிப் பக்கத்து மாணவர்களுக்குப் பட்டுக்கூடு பிறந்த வீட்டுப் பொருள். மூலப்பொருளுக்காக வெளிநாட்டு வேதிப்பொருள் நிறுவனத்திடம் விலைப்பட்டியல் கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்பது மட்டும் காரணமல்ல. பட்டு இழையின் உள்ளே இருக்கும் ஃபைப்ராயின் என்ற புரதம், செய்முறையை மாற்றுவதன் வழியாகவே விரைவில் கரைவதாகவும் மெதுவாகக் கரைவதாகவும் அமைக்கக்கூடியது. அதாவது, வேறொரு பொருளைச் சேர்க்காமலே நாம் தேர்ந்தெடுத்த ஒரு பண்பை மட்டும் மாற்ற அது இடம் கொடுக்கிறது.

புழு உள்ளே இறந்து கறை படிந்த கூடுகளை ஒதுக்கிவிட்டு, வெண்பட்டுக் கூடுகளை வாங்குங்கள். கூட்டை நறுக்கி, புழுவையும் அதன் உரிந்த தோலையும் நீக்கி, 5 கிராம் எடைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். 2 லிட்டர் வடிநீரில் 4.24 கிராம் சோடியம் கார்பனேட்டைக் கரைத்தால் 0.02 மோலார் கரைசல் கிடைக்கும். அது கொதிக்கும்போது கூட்டுத் துண்டுகளைப் போட்டு 30 நிமிடம் கிளறிக்கொண்டே இருந்தால், இழைகளை ஒட்டவைத்திருக்கும் செரிசின் என்ற கோந்து கரைந்து பிரியும். பட்டினால் ஏற்படும் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் குற்றம் சாட்டப்படுவது இந்தச் செரிசின் எச்சம்தான் என்பதால் இந்தப் படியில் அவசரம் கூடாது. போர்வெல் தண்ணீரை எந்தக் கட்டத்திலும் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பின்னால் கரைசலைக் கட்டியாக்கும்.

வெளியான செய்முறைகளில் காணப்படாத ஒரு விவரம் இந்த ஊருக்கு உண்டு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரிக்கே கொதித்துவிடுகிறது. சென்னையில் 30 நிமிடத்தில் முடிகிற வேலை இங்கே அதே அளவில் முடிந்திருக்கும் என்று கடிகாரத்தை நம்பிவிட முடியாது. எடையைத்தான் நம்ப வேண்டும். கூட்டின் எடையில் 25 முதல் 30 விழுக்காடு செரிசின் என்பதால், 5 கிராம் கூடு, அலசி உலர்த்திய பிறகு 3.5 முதல் 3.75 கிராமுக்குள் வர வேண்டும். அதற்கு மேல் நின்றால் கோந்து மிச்சமிருக்கிறது என்று பொருள். அதற்காக ஒரு மணி நேரம் கொதிக்க விடுவதும் தவறு, ஏனென்றால் ஃபைப்ராயினின் நீண்ட சங்கிலியே துண்டுபட்டு, பின்னால் வரும் சவ்வு வலுவிழந்துவிடும்.

அலசிய இழையை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம், வடிநீரில் போட்டுப் பிழிந்து, இரவு முழுவதும் உலர விடுங்கள். உலர்ந்த இழை ஒவ்வொரு கிராமுக்கும் 4 மி.லி. என்ற கணக்கில் 9.3 மோலார் லித்தியம் புரோமைடு கரைசலை ஊற்றி, 60 டிகிரி அடுப்பில் 4 மணி நேரம் வைத்தால் இழை கரைந்து, தேன் நிறத்தில் தெளிந்த பாகு கிடைக்கும். லித்தியம் புரோமைடைக் கரைக்கும்போது பாத்திரம் நன்றாகச் சுடும் என்பதால் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பிறகு உப்பை வெளியே விட்டுப் புரதத்தை உள்ளே நிறுத்தும் 3500 டால்டன் அளவுள்ள டயாலிசிஸ் பையில் இந்தப் பாகை ஊற்றி, 48 மணி நேரத்தில் ஆறு முறை தண்ணீரை மாற்றி உப்பை வெளியேற்றுங்கள். பைக்கு வெளியே உள்ள நீரின் மின்கடத்துத் திறனை அளந்து பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்; கையில் மிஞ்சும் கரைசலின் அடர்வு பொதுவாக 7, 8 விழுக்காடு இருக்கும். அதில் ஒரு மி.லி.யை எடைபோட்ட தட்டில் உலர்த்தி, உண்மையான அடர்வைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கரைசல் குலுங்கினாலும் சூடானாலும் தயிர்போல உறைந்துவிடும். பட்டுக் கரைசலைக் குப்பியில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில், நெரிசலுக்குப் பெயர்போன பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பைக் கடப்பது வேடிக்கையான பொருத்தம்தான் என்றாலும், மறுகரை சேரும்போது கையில் இருப்பது கரைசலாக இருக்காது. இன்னொரு ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் உலர்ந்த இழையாகவோ முடிந்த சவ்வாகவோ கொண்டுபோங்கள்.

7 விழுக்காடு கரைசலில் 10 மி.லி.யை 9 செ.மீ. விட்டமுள்ள பெட்ரி தட்டில் ஊற்றி, தூசி படாத சமதளத்தில் உலர விட்டால் ஏறக்குறைய 80 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலம் கிடைக்கும். மேசை சமமாக இருக்கிறதா என்பதை நீர்மட்டக் கருவியால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சாய்ந்த மேசையில் வார்த்த படலத்தின் இரண்டு ஓரங்களும் வேறு வேறு சவ்வுகளாகிவிடும்.

வார்த்த படலம் அப்படியே தண்ணீரில் கரையக்கூடியது. அதை நிலைநிறுத்த, மெத்தனாலில் ஊறவைப்பதோ நீராவி நிறைந்த மூடிய கலத்தில் வைப்பதோ வழக்கம். இரண்டுமே புரதச் சங்கிலிகளை மடித்து அடுக்கிப் படிகமாக்குகின்றன. மெத்தனால் விரைவானது, படலத்தை நன்கு இறுக்கி மெதுவாகக் கரைவதாக்குகிறது. நீராவி மெதுவானது, இளக்கமான படலத்தைத் தருகிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த பண்பு கரையும் காலம் என்றால், மாற்ற வேண்டியது இந்த ஒரு படியை மட்டும்தான். படிகமானதா என்பதை அகச்சிவப்பு நிறமாலையில் காணலாம்: அலையெண் 1640க்கு (செ.மீ.⁻¹) மேல் நின்ற, புரதப் பிணைப்பைக் காட்டும் அமைடு உச்சி 1620, 1630 பக்கம் இறங்கியிருக்கும். அந்தக் கருவி கல்லூரியில் இல்லாதவர்கள் இந்திய அறிவியல் கழகத்தின் நானோ அறிவியல் மையத்தில் கட்டணம் செலுத்தி அளந்துகொள்ளலாம்.

என் முதல் தொகுதிச் சவ்வுகளை இந்தப் படியில்தான் கெடுத்தேன். தடிமனான படலங்களைத் தட்டிலிருந்து உரிக்காமலே மெத்தனால் ஊற்றியதால் மேற்பக்கம் மட்டும் இறுகிற்று. உலர்ந்த நிலையில் இழுத்துப் பார்த்தபோது எண்கள் மிக அழகாக வந்தன. அவற்றை அட்டவணையிலும் ஏற்றிவிட்டேன். பிறகு ஒரு துண்டை உப்புநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தபோது, அது வெந்த ஜவ்வரிசிபோல வழுக்கிக்கொண்டு இடுக்கியிலிருந்து நழுவிற்று. சவ்வைச் செய்யப் போய் ஜவ்வரிசி செய்திருக்கிறாய் என்று உடனிருந்த நண்பர் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது. படலத்தை உரித்து, இரண்டு பக்கமும் படும்படி ஊறவைத்தபோது அந்தக் குறை போய்விட்டது.

எலும்புப் பக்கம் துளைகள் வேண்டுமென்றால், நிலைநிறுத்திய படலத்தின்மேல் 4 விழுக்காடு கரைசலை ஊற்றி, மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்து, உறைநிலை உலர்த்தியில் நீரை எடுத்துவிடுங்கள். மெதுவாக உறைந்தால் பனிப்படிகம் பெரிதாகி, துளையும் பெரிதாக அமையும். ஈறுப் பக்கம் நெருக்கமாகவும் எலும்புப் பக்கம் பஞ்சுபோலவும் உள்ள இரட்டைச் சவ்வு இப்படிக் கிடைக்கும். பஞ்சுப் பகுதியையும் மறுபடி நிலைநிறுத்த மறக்க வேண்டாம்.

கொலாஜனிலும் மின்நூற்பிலும் இறங்குபவர்களுக்கு

கொலாஜனைத் தேர்ந்தெடுத்தவர்கள் குளூட்டரால்டிஹைடை விட்டுவிடுவது நல்லது; பிணைப்பு உறுதியானதுதான், ஆனால் கழுவியும் தங்கிவிடும் எச்சம் செல்களைக் கொல்லும். ஈ.டி.சி. என்ற கார்போடைஇமைடு பிணைப்புப் பொருளோ, தான் நடுவில் தங்காமல் இரண்டு குழுக்களைப் பிணைத்துவிட்டு, நீரில் கரையும் யூரியா வகைப் பொருளாக வெளியேறிவிடுகிறது. அதையும் அளவுக்கு மீறிச் சேர்த்தால், செல்கள் ஒட்டிக்கொள்ளத் தேவையான அமில முனைகளையே அது செலவழித்துவிடும் என்பதால், குறைந்த அளவிலிருந்து நான்கைந்து படிகளாகக் கூட்டிப் பாருங்கள். தாவரத்திலிருந்து கிடைக்கும் ஜெனிப்பின் நச்சு குறைந்தது; ஆனால் கொலாஜனைக் கருநீலமாக்கிவிடும். மெல்லிய ஈறுக்கு அடியில் நீலம் தெரிந்தால் நோயாளி என்ன நினைப்பார் என்பதையும் ஆய்வாளர் யோசிக்க வேண்டும்.

கரைசலை உயர் மின்னழுத்தத்தால் ஊசியிலிருந்து மெல்லிய இழையாக இழுக்கும் மின்நூற்பு முறையில், உடலில் கரையும் செயற்கைப் பாலிமர்களான பாலிகேப்ரோலாக்டோனையும் பி.எல்.ஜி.ஏ.வையும் இழையாக்குவது பரவலாக நடக்கிறது. முன்னது கரைந்து முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். பின்னது, அதிலுள்ள லாக்டிக், கிளைகாலிக் அமிலங்கள் இரண்டும் சரிபாதியாக உள்ள வகையென்றால், ஓரிரு மாதங்களிலேயே அமிலத்தை வெளியிட்டுக்கொண்டு சிதையும். இரண்டையும் கலந்து இடைப்பட்ட காலத்தைப் பெறலாம். மின்னழுத்தத்தையும் ஊசி தூரத்தையும் எழுதுகிறவர்கள் காற்றின் ஈரப்பதத்தை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். பெங்களூரின் வறண்ட மார்ச் மாதத்தில் வழவழப்பாக வந்த இழை, ஆகஸ்ட் மழையில் அதே அமைப்பில் மேற்பரப்பெல்லாம் குழிவிழுந்து வரும். நூற்கும் பெட்டிக்குள் ஒரு ஈரப்பதமானியைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு முறையும் எண்ணைக் குறியுங்கள். குளோரோஃபார்ம் பயன்படுத்தினால் புகைபோக்கிக்கு அடியிலேயே வேலை செய்து, வெற்றிட அடுப்பில் நன்றாக உலர்த்துங்கள். மருந்துப் பொருள்களில் அதன் எச்சத்துக்கான சர்வதேச வரம்பு பத்து லட்சத்தில் 60 பங்குதான்.

ஹைட்ராக்ஸிஅபடைட், எலும்போடு பிணையும் 45எஸ்5 உயிர்க்கண்ணாடி, டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து போன்ற சேர்க்கைகளைப் பற்றி என் கருத்து எளியது: அடிப்படைச் சவ்வு நனைந்த நிலையில் நிற்கிறது என்பது உறுதியான பிறகு சேருங்கள். கனிமத் துகள் அதிகமானால் சவ்வு நொறுங்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நனைத்துச் சோதியுங்கள்

காய்ந்த அப்பளத்தின் விறைப்பை வைத்து, ரசத்தில் போட்ட அப்பளத்தின் நிலையை யாரும் கணிப்பதில்லை. சவ்வு ஆய்வேடுகளில் அது அன்றாடம் நடக்கிறது. இழுவிசை, தடிமன், தையல் தாங்கும் திறன் எதுவானாலும், 37 டிகிரி உப்புநீரில் ஊறிய துண்டின்மேல் அளந்த எண்ணையே முதன்மையாகக் கொள்ளுங்கள். அரை மணி, ஒரு நாள், ஒரு வாரம், நான்கு வாரம் என்று ஊறவைத்த துண்டுகளைத் தனித்தனியே அளந்தால், சவ்வு எப்போது கைவிடுகிறது என்பது தெரியும். தையலுக்கு, விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே 5-0 நூலைக் கோத்து, கிழியும்வரை இழுங்கள். வளைவுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை: 10 மி.மீ. இடைவெளியுள்ள இரண்டு தாங்கிகளின்மேல் நனைந்த பட்டையை வைத்து, நடுவில் சிறு எடையை ஏற்றி, எவ்வளவு தொய்கிறது என்று பக்கவாட்டில் படமெடுத்து அளந்தாலே ஒப்பீட்டுக்குப் போதும்.

கரையும் காலத்தை வெறும் உப்புநீரில் பார்த்தால் கொலாஜனும் பட்டும் பல மாதம் நிற்பதுபோல் ஏமாற்றும். வாயில் நொதிகள் இருக்கின்றன; சவ்வு வெளியே தெரிந்துவிட்டால் கிருமிகளின் நொதிகளும் சேர்ந்துகொள்கின்றன. கொலாஜனுக்குக் கொலாஜனேஸ் என்ற நொதியும் பட்டுக்குப் புரோட்டியேஸ் 14 என்ற நொதியும் சேர்த்த கரைசலில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை கரைசலைப் புதுப்பித்து, மிஞ்சும் எடையைக் குறியுங்கள். நொதி இல்லாத கரைசலிலும் ஒரு துண்டு, சந்தையில் கிடைக்கும் கொலாஜன் சவ்வு ஒன்றிலிருந்தும் ஒரு துண்டு என்று கட்டாயம் பக்கத்தில் வையுங்கள். இந்த ஒப்பீடு இல்லாத எடைக்குறைவு எண்ணுக்குப் பொருளில்லை.

செல் சோதனைக்குப் போகுமுன் கிருமிநீக்க முறையை முடிவு செய்து, கிருமிநீக்கம் செய்த சவ்வின்மேலேயே மேலே சொன்ன அளவுகளைத் திரும்ப எடுக்க வேண்டும். பாலிகேப்ரோலாக்டோன் 60 டிகிரியிலேயே உருகுவதால் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் 121 டிகிரி ஆட்டோகிளேவ் அதற்கு ஆகாது. காமாக் கதிர் பி.எல்.ஜி.ஏ. சங்கிலிகளை நறுக்கி, கரையும் காலத்தைக் குறைக்கும். பட்டு ஆட்டோகிளேவைத் தாங்கும், ஆனால் மேலும் படிகமாகும். நச்சுச் சோதனையை ஐ.எஸ்.ஓ. 10993-5 தரப்படி செய்து, உயிருடன் உள்ள செல்கள் 70 விழுக்காட்டுக்குக் குறைந்தால் முன்னே போகாமல், கழுவும் படிக்குத் திரும்புங்கள். எலியின் மண்டையோட்டில் செய்யும் சோதனைக்குக் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மனிதர்களிடம் செல்வதென்றால் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளின் கீழ் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் வேண்டும். அது தனியொரு மாணவரின் வேலையல்ல.

இவற்றுக்கு நடுவே, அதிகச் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்யச் சொல்வேன். சிவாஜிநகர் ரஸல் மார்க்கெட்டில் ஆட்டுத் தலை வாங்கி, தாடையில் ஒரு குழியைத் தோண்டி, ஈறைத் திறந்து வைத்துக்கொண்டு, அன்றாடம் அறுவை செய்யும் மருத்துவர் ஒருவரிடம் உங்கள் சவ்வைக் கொடுங்கள். ஈரக் கையுறையோடு அவர் அதைக் கத்தரித்து, வளைத்து, குழியின் விளிம்பைத் தாண்டி 2, 3 மி.மீ. படியும்படி வைத்து, ஈறை இழுத்துத் தைக்கட்டும். நீங்கள் பேசாமல் நின்று பாருங்கள். எத்தனை முறை எடுத்து எடுத்து வைக்கிறார், எந்த இடத்தில் கிழிகிறது, எப்போது முகம் சுளிக்கிறார் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இரட்டைச் சவ்வை இப்படிக் கொடுத்தபோது, அந்த மருத்துவர் அதை இரத்தத்தில் தோய்த்ததும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிவந்துவிட்டன. எந்தப் பக்கம் எலும்புக்கு என்று அவர் கேட்டார். செய்த எங்களுக்கே சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சவ்வையும் வெட்டும்போதே, நெருக்கமான பக்கம் மேலே இருக்கையில் வலது மேல் மூலையில் வரும்படி சிறு சாய்வு வெட்டு ஒன்றை விட்டுவிடுகிறோம்.